பீரோவில் பூட்டிய விளையாட்டு

எங்கள் பால்வாடியில் பிள்ளைகள் விளையாடுகிற நேரம் காலை பதினொன்றரை. மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். பதினொன்றரைக்கு இரும்பு பீரோவைத் திறந்து, விளையாட்டுச் சாமான் பெட்டியை எடுத்துப் பாயின் நடுவில் வைப்பேன். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஒருத்தியிடம் சொப்புச் சட்டி, ஒருவனிடம் மரக்கட்டை, இன்னொருவனிடம் துணிப் பொம்மை என்று கையில் கொடுத்து, "என்னைப் பாக்காதீங்க, விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு போனில் மூன்று படம் எடுப்பேன். படம் எங்கள் துறையின் செயலியில் ஏறியதும் பெட்டி மறுபடி பீரோவுக்குள் போய்விடும். பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். இரண்டு வருடம் இதைத்தான் செய்தேன். நல்ல பேரும் வாங்கினேன்.

அரசாங்கம் அந்த இடத்தை அங்கன்வாடி மையம் என்கிறது. வல்லம் வடகால் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அங்கே பணியாளர், பெற்றோர்களுக்கு டீச்சர். சமைக்கவும் பிள்ளைகளைக் கழுவி விடவும் ஒரு உதவியாளர் உண்டு, அவரை ஆயாம்மா என்போம். எங்கள் கட்டடத்தின் பின்சுவரைத் தாண்டினால் ஒரு கம்பெனியின் மதில். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஷிப்ட் பஸ்கள் ஹாரன் அடிக்கும். இருபத்திரண்டு பிள்ளைகளில் பாதிக்கு மேல் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். என் தம்பியும் அப்படி ஒரு கம்பெனியில்தான் இருக்கிறான்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். காஞ்சிபுரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவள் நான். ஆறு வயது வரை விளையாட்டுத்தான் படிப்பு, பென்சிலைப் பிடித்து எழுதச் சொல்லி நெருக்கக் கூடாது, பொருள்கள் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், எதை எடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அங்கே சொன்னார்கள். "கை எட்டும் உயரத்தில்" என்பதை நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு வைத்தேன். மனதாரத்தான் போட்டேன். ஒரு அப்பா வந்து, "இன்னா டீச்சர், ஒரகடம் இங்கிலீஷ் ஸ்கூல்ல இந்த வயசுக்கு ஏபிசிடி எழுதுதுங்க, நீங்க இன்னும் வெளையாட்டே காட்டிக்கினு கீறீங்களே" என்று கேட்டபோது, அரைமணி நேரம் நிற்கவைத்து வகுப்பு எடுத்தேன். பாவம், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று அவர் கையைப் பிசைந்துகொண்டே கேட்டார். நான் பேசிய நேரமெல்லாம் பெட்டி எனக்குப் பின்னால் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

பூட்டியதற்கு ஒரு கதை உண்டு. முதல் பெட்டி வந்தபோது பயிற்சியில் சொன்னபடியே செய்தேன். ஜன்னல் மேடையில் பரப்பி வைத்தேன். பிள்ளைகள் பாய்ந்து விழுந்து விளையாடின. இரண்டே வாரத்தில் ரயிலுக்குச் சக்கரம் இல்லை, பொம்மைக்கு ஒரு கை இல்லை, கட்டைகள் சாக்கடையில். மாதக் கூட்டத்தில் எங்கள் சூப்பர்வைசர் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பி நிற்கவைத்தார். "ஏம்மா, பிள்ளைங்க கையிலயா கொடுத்த?" என்று கேட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த மற்ற பணியாளர்கள் முப்பது பேர் சிரித்தார்கள். விளையாட்டுச் சாமானைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததற்காக நான் ஒரு பக்கம் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் மோசமான மனுஷி இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் பதிவேட்டைக் கேட்கிறார். ஒரே பெட்டிக்கு இரண்டு காகிதம் வருகிறது. ஒன்று, பிள்ளை இஷ்டப்படி எடுத்து விளையாடட்டும் என்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு உருப்படிக்கும் நீ பொறுப்பு, கையெழுத்துப் போடு என்கிறது. முதல் காகிதத்தை மீறினால் யாரும் என்னை எழுப்பி நிற்கவைக்கப் போவதில்லை. அதனால் இரண்டாவதற்குக் கட்டுப்பட்டேன். இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்தது இது.

இரண்டாவது பெட்டி வந்ததும் பீரோவுக்குப் போனது. தினமும் விளையாட்டுப் படம் வேண்டும் என்று செயலி கேட்டபோது பத்து நிமிட ஏற்பாடு பிறந்தது. கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தேன். போன் "க்ளிக்" என்றதும் பிள்ளைகள் கையிலிருந்ததைத் தாங்களே பெட்டியில் போட்டுவிட்டு எழுந்துவிடும். நான் சொல்லவே வேண்டாம். விளையாட்டு என்றால் படம் எடுக்கும் வரை பொருளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று அதுகள் புரிந்துகொண்டிருந்தன. ஒருமுறை சூப்பர்வைசர் இதை நேரில் பார்த்துவிட்டு, "என்ன ஒரு ஒழுக்கம்! மத்த சென்டர்ல எல்லாம் பிடுங்கல்தான்" என்றார். அடுத்த கூட்டத்தில் என் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். நான் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நாலு வயது. இரண்டு தெரு தள்ளி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் ஒன்றில் இருந்தார்கள். அம்மா, கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அப்பாவுக்கு வேறு கம்பெனி, பெரும்பாலும் இரவு ஷிப்ட். பிள்ளை அதிகம் பேசாது, ஆனால் எதையும் விடாமல் பார்க்கும். படம் எடுக்கும்போது சில நாள் அதன் கையில் ஒரு இளஞ்சிவப்பு டம்ளரைக் கொடுப்பேன். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும், சொப்புச் செட்டில் ஒன்று. அந்த நிறம் படத்தில் நன்றாக விழும்.

ஒரு நாள் மதியம், மறுநாள் சூப்பர்வைசர் இருப்புச் சரிபார்க்க வருகிறார் என்று போன் வந்தது. மூன்று மணிக்கு நானும் ஆயாம்மாவும் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினோம். டம்ளர் இல்லை. மூன்று தடவை எண்ணினேன். பாயை உதறினோம், அரிசி டப்பாவில்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். முப்பது பேர் சிரித்த சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. எழுந்து பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தேன்.

"உடு டீச்சர், எங்கனா உருண்டு போயிருக்கும். புள்ளைங்கள இன்னாத்துக்கு நிக்க வெக்கிற?" என்றார் ஆயாம்மா.

நான் கேட்கவில்லை. பைகளைக் கவிழ்த்தேன். கால்சட்டைப் பைகளைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நின்றன. வரிசையில் நிற்கவைத்தால் படம் எடுப்பேன் என்று அதுகளுக்கு நினைப்பு.

அவள் முறை வந்தது. நான் தொடுவதற்கு முன்பே அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தூக்கினாள். கால்களை அகட்டி வைத்தாள். ஒரு நொடி நின்று, பிறகு தானாகவே திரும்பி முதுகைக் காட்டினாள். யாரும் சொல்லவில்லை. வேறு எந்தப் பிள்ளையும் அப்படிச் செய்யவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பழக்கப்பட்ட கை, இதற்கு முன்னாலும் எங்கோ மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

"நீதான எடுத்த? எங்க வெச்சிருக்க?"

"வூட்ல கீது டீச்சர்" என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கமாக வைத்துக்கொண்டே சொன்னாள். கையை இறக்கு என்று நான் சொல்லாததால் கைகள் தூக்கியபடியே இருந்தன. தரையில் ஈரம் பரவியது. கால்சட்டையிலேயே போய்விட்டாள். ஆயாம்மா துணி எடுத்து வரப் போனார். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவளைத் திருப்பி, விரலை ஆட்டி, எல்லோர் முன்னாலும் சொல்லவைத்தேன்: "பால்வாடி பொருளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது." இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

மூன்றரைக்கு அவள் அம்மா யூனிபாரத்தோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது டம்ளர் கழுவித் துடைத்த நிலையில் கையில் இருந்தது.

"ரெண்டு நாளா இதுலதான் தண்ணி குடிக்கிறா டீச்சர். ஏதுடின்னு கேட்டேன். டீச்சர் எனக்கே எனக்குன்னு குடுத்தாங்கன்னா. நானும் நீங்கதான் ஆசையா குடுத்தீங்கன்னு நெனச்சிக்கினேன். மன்னிச்சிக்கோங்க டீச்சர்."

நான் டம்ளரை வாங்கிப் பெட்டியில் போட்டேன். "பரவாயில்ல, இனிமே பாத்துக்குங்க" என்று பெரிய மனது காட்டினேன். அந்தப் பிள்ளை என்னைப் பற்றி ஒரு பொய் சொல்லியிருக்கிறாள், அந்தப் பொய்யில் நான் நல்லவளாக இருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் இருப்புச் சரியாக இருந்தது. சூப்பர்வைசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெரிய நிம்மதி. அன்று அந்தப் பிள்ளை வரவில்லை என்பதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் கவனித்தேன். அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போனது.

"போய்ப் பாரு டீச்சர்" என்றார் ஆயாம்மா. "நீ போவலன்னா நான் போறேன்."

ஒன்பதாம் நாள் காலையில் போனேன். அறையின் கதவு பாதி சாத்தியிருந்தது. வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. உள்ளே இரவு ஷிப்ட் முடித்த அப்பா தூங்குகிறார், சத்தம் வரக் கூடாது. ஒன்பது நாளாக அவளுடைய பால்வாடி அந்தப் படிதான். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சிரிப்பாள் அல்லது உள்ளே ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினாள்.

அவள் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தேன். அது இறங்க மறுத்தது.

அந்த வாரம் அம்மாவுக்கு இரண்டாவது ஷிப்ட், வீட்டில் இருந்தார். பதறிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். ஏன் அனுப்பவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"கம்பெனில ஒரு துண்டு வயரு பாக்கெட்ல இருந்தாலும் ஐடி கார்ட புடுங்கிக்கினு வெளிய அனுப்பிடுவாங்க டீச்சர். இவ எடுத்தது நெசம்தான. அதான் நீங்க சொல்றதுக்கு மின்னாடி நாங்களே நின்னுக்கினோம்."

பால்வாடியிலிருந்து நாலு வயதுப் பிள்ளையை வேலைநீக்கம் செய்வார்கள் என்று அந்த அம்மா நம்பியிருக்கிறார். சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் நான் நடந்துகொண்ட விதத்தில் வேறு எப்படி நம்புவார்? அப்போதுதான் அந்தக் கைகளைப் பற்றிக் கேட்டேன். அடிக்கிறீர்களா என்றே கேட்டுவிட்டேன், என் புத்தி இன்னும் குற்றம் தேடுவதிலேயே இருந்தது.

"ஐய, அது எங்க வெளையாட்டு டீச்சர்" என்றார். "ஷிப்ட் முடிஞ்சி வெளிய வரசொல்லோ கேட்ல பீப்னு கத்துற மெஷின வெச்சி எங்கள செக் பண்ணுவாங்க. கைய தூக்கணும், திரும்பணும். இன்னிக்கி இன்னாம்மா பண்ணன்னு இவ கேட்டுக்கினே இருப்பா. ஒரு நாள் நடிச்சி காட்டினேன். அதுலேர்ந்து நான் வூட்டுக்குள்ள வரணும்னா இவதான் செக்யூரிட்டி. கரண்டிய எட்துனு வந்து 'பீப் பீப்'னு தடவுவா. அப்பறம் அவ லேபரு, நான் செக்யூரிட்டி. சிரிச்சி சிரிச்சி வயிறு நோவும்."

எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: பாவனை விளையாட்டில் குழந்தை ஈடுபடுகிறதா? மாதாமாதம் இருபத்திரண்டு பேருக்கும் "ஆம்" போடுவேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. உண்மையாக விளையாடத் தெரிந்த ஒரே பிள்ளை, பெட்டியும் படமும் இல்லாமல், வேலை முடிந்து களைத்து வந்த அம்மாவோடு ஒரு கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டையே நான் திருட்டுப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் கை பட்ட பிறகு அது விளையாட்டாகவும் இல்லை. "இப்ப ஆட மாட்டன்றா டீச்சர். நான் கைய தூக்கினா அழுவுறா" என்றார் அம்மா.

"தப்பு என்மேலதான்" என்றேன். அவர் இன்னும் பயந்துபோனார். "அப்டிலாம் சொல்லாதீங்க டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளையிடம் குனிந்து, "நாளைக்கு வா கண்ணு, அந்த டம்ளர் ஒனக்கே தரேன்" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். "வேணா" என்றாள்.

இருந்தாலும் திங்கட்கிழமை வந்தாள். அம்மாவுக்கு வேறு வழி இல்லை, மறுபடி முதல் ஷிப்ட்.

நான் ஜன்னல் மேடையில் சாமான்களைப் பரப்பினேன். எல்லாவற்றையும் பரப்பினேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் பாதியைத்தான் வைத்தேன். புது துணிப் பொம்மைகள், டாக்டர் செட், ரயில் எல்லாம் பீரோவிலேயே இருந்தன, ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக. முதல் நாள் ஒரு பிள்ளையும் மேடைக்குப் போகவில்லை. என் போனையே பார்த்துக்கொண்டிருந்தன. போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் ஒருவன் கட்டையை எடுத்தான், நான் எதுவும் சொல்லவில்லை என்றதும் எல்லாம் பாய்ந்தன. இரண்டு சட்டி உடைந்தது. "பிள்ளைகள் விளையாடியதில் உடைந்தது" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். இதை யாரும் வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். இப்படி எழுதக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னதும் மறுநாளே மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

அவள் மட்டும் எதையும் தொடவில்லை. சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றரை மணி ஆனதும் எழுந்து, சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி மேடையில் வைப்பாள். டம்ளரைக் கடைசியாக வைப்பாள். வைத்துவிட்டு, விரல்களை விரித்து உள்ளங்கை இரண்டையும் என்னிடம் காட்டுவாள். நான் கேட்டதே இல்லை. தினமும் காட்டினாள். தினமும் "சரிம்மா, சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் கூச்சல். எட்டிப் பார்த்தேன். ஆயாம்மாவின் குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் கதவில் நிற்கிறாள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கையைத் தூக்குகின்றன. "பீப் பீப்" என்று கரண்டியால் தடவி, "போ" என்று விடுகிறாள். நிறுத்தப் போனேன். ஆயாம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு டீச்சர். சிரிக்குது பாரு." உண்மைதான், சிரித்தாள். கூட்டிப்போக வந்து வரிசையில் நின்ற அவள் அம்மாவும் கையைத் தூக்கினார், அழவில்லை யாரும்.

அவளும் அவள் அம்மாவும் தவிர எல்லோரும் போன பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கப் போனேன். கரண்டி குறுக்கே வந்தது.

"டீச்சர், கைய தூக்கு."

தூக்கினேன். கால்களை அகட்டச் சொன்னாள், அகட்டினேன். அவள் உயரத்துக்கு எட்டிய வரை தடவினாள். இடுப்பருகே கரண்டி எதிலோ பட்டு "டங்" என்றது. அவள் முகம் மாறியது. முந்தானையை விலக்கி, செருகியிருந்த பீரோ சாவியை உருவி எடுத்தாள். சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேறு எந்தப் பிள்ளையையும் விட அவளுக்குத்தான் அது எதன் சாவி என்று நன்றாகத் தெரியும்.

"பால்வாடி பொருள வூட்டுக்கு எட்துனு போவக்கூடாது" என்றாள்.

உள்ளே நடந்துபோய், ஜன்னல் மேடையில் இருந்த இளஞ்சிவப்பு டம்ளருக்குள் சாவியைத் தலைகீழாக நிறுத்தி வைத்தாள். திரும்பி வந்து, அதை என்னையும் சொல்லவைத்தாள். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னாள். நான் சத்தமாகச் சொன்னேன். அவள் எனக்கு நேராக விரலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். ஆட்டிய விதம் என்னுடையது.